குடை மடக்கத் தெரியாதவர்

— குடையை மடக்குங்களேன் குடைக்காரரே. கடைசி நாளாவது உங்க முகத்தைப் பாக்கறேன்.

— மடக்கற பட்டன் எதுன்னு தெரியலம்மா. அதாவது, முதல் நாள் எதையோ அமுக்கினேன், விரிஞ்சுது. அன்னையிலேர்ந்து விரிச்சபடியே திரியறேன்.

— அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு. மழையே பெய்யாத ஊர்ல ஒரே ஒரு குடைக்காரர்.

— நீ மட்டும் என்னவாம்? நல்லா படிச்ச பொண்ணு, வாலை விரிச்சுக்கிட்டு நரி வேஷத்துல உக்காந்திருக்கே.

— வால் நல்லாருக்குல்ல? இதுக்கு எத்தனை விளையாட்டு ஜெயிச்சேன் தெரியுமா? சரி, அறிவிப்பு படிச்சீங்களா? இன்னிக்கு சாயங்காலத்தோட இந்த ஊரையே மூடறாங்க. நடத்தறவங்களுக்குக் கட்டுப்படியாகலையாம். ஏரி, பெஞ்சு, என் மூணு மாடி வீடு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லேர்ந்து துடைச்சுப் போட்ருவாங்க.

— படிச்சேன்மா. அதான் மத்தியானமே வந்துட்டேன். பெஞ்சை வேற யாராவது பிடிச்சுட்டா?

— யாரு பிடிக்கப் போறா? சுத்திப் பாருங்க. போன வருஷம் இந்தக் கரையில நடக்க இடம் இருக்காது. முயல், ராணி, எலும்புக்கூடு, ஃப்ரிட்ஜ் வேஷம் போட்டுக்கிட்டு ஒருத்தர். இப்ப நாம ரெண்டு பேர்தான் மிச்சம்.

— அந்த ஃப்ரிட்ஜ்காரர் தங்கமான மனுஷன். சுவத்துல முட்டிக்கிட்டே நின்ன என்னைப் பிடிச்சு நடக்கக் கத்துக் குடுத்தது அவர்தான்.

— இன்னிக்காவது மைக் போட்டுப் பேசுங்களேன். ஒரு விரலால டைப் அடிச்சு நீங்க ஒரு வரி முடிக்கறதுக்குள்ள நான் துணி துவைச்சுக் காயப் போட்டுடறேன்.

— தொண்டை சரியில்லம்மா.

— ஒரு வருஷமாவா?

— நாள்பட்ட தொண்டை.

— போங்க, நீங்களும் உங்க தொண்டையும்!

— சாப்பிட்டியா?

— ஆச்சு. நீங்க?

— எனக்கு ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க இன்னும் கை வரல. ஒரு நாள் வெச்சா ரெண்டு நாளைக்கு ஓடுது. டிவியைப் போட்டு விட்டுட்டுச் சாப்பிடறேன், ஏதோ பேச்சுச் சத்தம் இருக்கட்டுமேன்னு. உனக்கு ஆபீஸ் எப்படிப் போகுது?

— அதேதான். காதுல மாட்டிக்கிட்டு, அடுத்தவங்க வீட்டு வாஷிங் மெஷின் ஏன் சுத்தலைன்னு நாள் பூரா கேட்டுக்கணும். கத்தறவங்களுக்கும் நன்றி சொல்லணும். ரூமுக்கு வந்தா பேச ஒரு ஆள் கிடையாது. ஒரே ஒரு நாற்காலி, அதுலயும் துணி கிடக்கு. ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அதான் இங்க என் வீட்ல எட்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். வந்து உக்காந்தது நீங்க ஒருத்தர்தான். வந்த ஆளும் சும்மா இருக்கீங்களா? ஒவ்வொரு ரூமா போய் லைட்டை அணைச்சுட்டுப் போறீங்க!

— ஆள் இல்லாத ரூம்ல எதுக்கும்மா லைட்டு?

— அய்யோ, இங்க கரண்ட் பில்லே கிடையாது! எங்கப்பா மாதிரியே பேசறீங்க.

— எங்க வயசுக்காரங்க எல்லாம் அப்படித்தான்.

— அவர் பேச்சு வேண்டாம்.

— நீதான் எடுத்தே. இன்னும் போன் பண்றாரா?

— தினமும். அடிச்சு அடிச்சு ஓயும். ஊரான் போனையெல்லாம் எடுக்கறேன், அதை மட்டும் எடுக்க மாட்டேன்.

— அந்த நம்பர் விஷயத்தை நீ சொன்னதிலேர்ந்து என் மனசு ஒரு நிலையில இல்லம்மா. அதாவது, ஏதோ தெரியாத்தனமா...

— தெரியாத்தனமா? அம்மா போனதுக்கப்புறம், வேலை விட்டு வந்ததும் அம்மா நம்பருக்கு அடிப்பேன். எடுக்க மாட்டாங்கன்னு எனக்கென்ன தெரியாதா? அது பாட்டுக்கு மணி அடிக்கும், நான் அதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுவேன். எனக்கு அது போதும். ஒரு நாள் யாரோ ஒரு ஆள் எடுத்து, "யார் வேணும்?"ங்கறார். எங்கப்பா போய் அந்த நம்பரே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார். அதை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. ஆளில்லாத ரூம்ல லைட்டை அணைக்கற மாதிரி, அம்மாவையும் அணைச்சுட்டார்.

— இல்லம்மா. அலமாரிக்குள்ள அந்த போன் தினமும் அடிச்சிருக்கும். எடுத்துப் பாத்தா மக பேரு. எடுத்து என்னன்னு பேசுவார்? "அம்மா இல்லம்மா"ன்னா? அந்தச் சத்தத்தை அவரால தாங்க முடிஞ்சிருக்காது.

— எடுத்திருக்கலாமே! எடுத்து அழுதிருக்கலாம். நானும் அழுதிருப்பேன். ஆளுக்கொரு மூலையில உக்காந்து என்னத்தைக் கண்டோம்?

— எடுத்திருக்கலாம்தான்.

— அலமாரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வேற எங்க வைப்பாங்க?

— அவருக்கு நீங்க வக்காலத்து வாங்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்களும் போயிடுவீங்க. சொல்லவே வெக்கமா இருக்கு குடைக்காரரே. பேர் தெரியாது, முகம் தெரியாது. ஆனா சாப்பிட்டியான்னு என்னைக் கேக்கற ஒரே ஆள் நீங்கதான். நாளைக்கு ரூமுக்கு வந்து நான் என்ன பண்ணுவேன்னு நினைச்சாலே பயமா இருக்கு.

— ஒரே ஆள் இல்லம்மா.

— உங்க போன் நம்பர் குடுங்க.

— நம்பரா...

— தொல்லை பண்ண மாட்டேன். எப்பவாவது ஒரு தடவை. தொண்டை சரியில்லன்னா பேசவே வேண்டாம். நான் பேசறேன், நீங்க "ம்" கொட்டுங்க, போதும்.

— அங்க பாரு, அக்கரையில மரமெல்லாம் மறையுது.

— பேச்சை மாத்தாதீங்க! குடுப்பீங்களா, மாட்டீங்களா?

— குடுத்தா நீ கோச்சுக்குவே.

— குடுக்காட்டிதான் கோச்சுக்குவேன்.

— சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்கம்மா நம்பரை உன் போன்லேர்ந்து அழிச்சுட்டியா?

— மனசு வரல. எதுக்குக் கேக்கறீங்க?

— நீ சொன்ன மறுநாளே அந்த நம்பருக்கு அடிச்சேன். லாரி ஓட்டறவர் ஒருத்தர் எடுத்தார். முதல்ல பைத்தியம்னு நினைச்சு வெச்சுட்டார். விடாம அடிச்சேன். அப்புறம் நேர்ல போய் உக்காந்து முழுசா சொன்னேன். மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எனக்கென்னங்க, நான் வேற நம்பர் வாங்கிக்கறேன்"னு எம்பேருக்கே மாத்திக் குடுத்துட்டார்.

— நீங்க எதுக்கு... யார் நீங்க?

— ஏரியும் போயிடுச்சு பாரு. போனைக் கையில எடு. இப்ப அடிக்கும், "அம்மா"ன்னு வரும். பயந்துடாதே கண்ணு, அப்பாதான்.