‘மருந்து’ என்று எழுதிய பெட்டி பற்றி

எனக்கு வயது எழுபத்தொன்று. தெருவில் என்னை உளிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், வேறு பெயர் சொன்னால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். சந்தைக்குப் பின்தெருவில் கடைசி வீட்டில் குடியிருந்து தச்சு வேலை செய்கிறேன். வீட்டின் பக்கவாட்டு அறைதான் பட்டறை. இறந்துபோனவர் என் மனைவியின் தம்பி, இருபத்தாறு வருடம் என்னோடு அங்கே வேலை செய்தவர். நீங்கள் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருப்பவர் என் மகளின் கணவர். லாரி ஓட்டுகிறார், ரம்பத்துக்கும் அரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்.

பட்டறைச் சுவரில் மூன்று தட்டுகளில் பத்தொன்பது தகரப் பெட்டிகள் உள்ளன. எதில் என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டியவன் நான். அக்கம்பக்கத்தார் சீட்டைப் படித்து நல்ல உளியாகப் பார்த்து இரவல் கேட்டார்கள். இரவல் போன உளி மொட்டையாகத்தான் திரும்பி வரும். ஆகவே இரண்டு மாதத்துக்கு முன் சீட்டுகளைப் பிய்த்து மாற்றி ஒட்டினேன். உளிகள் ‘துருப்பிடித்த கீல்’ பெட்டிக்குப் போயின, துளைபோடும் அலகுகள் ‘காலி’ பெட்டிக்குப் போயின. எனக்கு எல்லாம் மனப்பாடம். மச்சினன் எதைக் கேட்டாலும் நானே எடுத்துக் கொடுப்பேன்.

"அத்தான், நீங்க போய்ச் சேந்துட்டா இந்த ரூம்ல ஒரு ஆணி கிடைக்காது" என்றார்.

"அதனாலதாண்டா என்னை நல்லா பாத்துக்கணும்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மருந்துப் பெட்டியை மாற்றியதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அதிலிருந்த ஒட்டும் பட்டையை எடுத்து அவர் உடைந்த மூக்குக்கண்ணாடிக்கு ஒட்டிக்கொள்வார். ஆகவே ‘மருந்து’ பெட்டியில் மரம் தேய்க்கும் உப்புத்தாளை வைத்தேன். பஞ்சு, கட்டுத்துணி, ரத்தம் நிற்க இறுக்கும் ரப்பர் பட்டை மூன்றையும் ‘வளைந்த ஆணி’ பெட்டியில் வைத்தேன். அவர் திறந்து ஏமாறும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பசை வாங்கப் போனேன். அப்போது மச்சினன் வட்ட ரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார், மாப்பிள்ளை வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரரின் புது மீசையைக் கிண்டல் செய்துகொண்டு அரைமணி நேரம் கூடுதலாக நின்றுவிட்டேன். அதன் பிறகு வீட்டுக்குத் திரும்பினேன். வாசலிலேயே தகரம் விழும் சத்தம் கேட்டது.

மச்சினன் கீழ்த்தட்டில் சாய்ந்து கிடந்தார். தொடை அறுபட்டிருந்தது. அதில் மாப்பிள்ளையின் சட்டை கட்டியிருந்தது, அதன் நிறம் தெரியவில்லை. தரையில் பதினோரு பெட்டிகள் கொட்டிக் கிடந்தன.

"மாமா, ரப்பர் பட்டை எங்க? மருந்துப் பெட்டில இருக்குன்னு இவரு சொன்னாரு, அதுல வெறும் உப்புத்தாள்தான் இருக்கு! எதத் தொறந்தாலும் வேற என்னமோ இருக்கு மாமா!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

நான் குனிந்து, மச்சினனின் தோளுக்குப் பக்கத்தில் இருந்த ‘வளைந்த ஆணி’ பெட்டியைத் திறந்தேன். அது அவர் கைக்கு எட்டும் தூரம். அவர் அதைப் பார்த்தார்.

"இங்கயா அத்தான் வெச்சீங்க" என்றார்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. நான் பார்க்கக் காத்திருந்த முகத்தைப் பார்த்தேன். பட்டையை இறுக்கிக் கட்டினேன். மாப்பிள்ளை முன்பே கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் அதன் பிறகு வந்தது. ஆஸ்பத்திரியில், ரத்தம் முழுக்கப் போய்விட்டது, பத்து நிமிடம் முன்னால் கட்டியிருக்கலாம் என்றார்கள்.

சாகிறவரை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுப் பத்திரத்தைத் தேடினார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பட்டறை அறை தனக்கு வேண்டும் என்று மாப்பிள்ளை முந்தின வாரம் மச்சினனோடு சண்டை போட்டது உண்மை. பெட்டிகளைக் கிளறியதும் உண்மை. தேடியது பத்திரத்தை அல்ல. பத்திரம் என் தலையணை உறைக்குள் இருக்கிறது, ஆள் அனுப்பிப் பாருங்கள். சீட்டுகளையும் பிய்த்து வந்து என் கையெழுத்தோடு ஒத்துப் பாருங்கள். அவரை விட்டுவிடுங்கள்.

யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை. எழுதியவர் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. என் பேச்சை நம்பாதவர்கள் தெருவில் நிறைய உண்டு. இந்தத் தாளில் மட்டும் மேலே எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது.

(ஒப்பம்)
உளிக்காரர்