கார் ஷெட் கதவை நான் திறக்காததற்குக் காரணம்

எனக்கு வயது நாற்பத்தொன்பது. பெயரையும் வீட்டு விலாசத்தையும் காவல் ஆய்வாளர் தாளின் தலைப்பிலேயே எழுதிக்கொண்டுவிட்டார். கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் கதவுக்காரர் வீட்டம்மா என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். கதவுக்காரர் என்பது என் கணவர். என்மேல் புகார் கொடுத்திருப்பவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி, அதாவது என் கொழுந்தனார். ஒரே காம்பவுண்டில் முன்வீட்டில் அவரும் பின்வீட்டில் நாங்களும் குடியிருக்கிறோம். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கார் ஷெட் கதவுகள் மாட்டவும் பழுது பார்க்கவும் கடை வைத்திருந்தார்கள். உப்புக்காற்று எங்கள் பக்கத்தில் இரும்பைத் தின்றுவிடும். அதனால் கதவைத் தூக்கும் கம்பிவடம் துருப்பிடிக்காத எஃகில்தான் இருக்க வேண்டும், மழைக்காலம் ஓய்ந்ததும் கதவையும் அது ஏறி இறங்கும் ரெயிலையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும், கீல்களுக்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும், ரெயிலில் கிரீஸ் தடவினால் மணல் ஒட்டிக்கொண்டு உருளை சிக்கும் என்று என் கணவர் சொல்லுவார், அப்படியே செய்வார். கொழுந்தனாருக்கு அந்தப் பொறுமை கிடையாது. துரு தெரிந்தால் அதன்மேல் பெயின்ட், சத்தம் வந்தால் ஒரு கை கிரீஸ், இதுதான் அவர் வைத்தியம்.

போன வருடம் பல் டாக்டரம்மா வீட்டுக் கதவுக்குக் கொழுந்தனார் தனியாகப் போய்ப் புது வடம் மாட்டினார். அன்று டாக்டரம்மா கிளினிக்கில் இருந்ததால் வந்தது அண்ணனா தம்பியா என்று அவருக்குத் தெரியாது. அதன் பிறகு சில மாதங்களில் கதவு ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு ஏறுகிறது என்று கூப்பிட்டார்கள், என் கணவர் போனார், கதவைப் பாதி தூக்கிப் பிடித்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது வடம் அறுந்து கதவு அவருடைய வலது கைமேல் விழுந்தது. மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கொழுந்தனார் டாக்டரம்மாவிடம், "அண்ணனுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்லைம்மா. வடத்தை மாத்துறேன்னு வந்துட்டுப் பழசையே விட்டுட்டுப் போயிருக்காரு" என்று சொன்னார். நான் அவருக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலுடன் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மனுஷன் மயக்கம் தெளியாமல் கிடக்கிறார். அந்தப் பேச்சை நான் அன்று மன்னிக்கவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு அந்தப் பேச்சைத் தெரு முழுக்க வாயில் போட்டு மென்றார்கள். என் கணவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு கதவைப் பார்த்துச் சொல்லவாவது கூப்பிட்டிருக்கலாம். கடைப் பலகையில் 'சகோதரர்கள்' என்று இருந்ததைக் கொழுந்தனார் பெயின்ட் அடித்து மறைத்தார். உப்புக்காற்றில் அந்தப் பெயின்டும் உரிந்து, எழுத்து திட்டுத்திட்டாகத் தெரிகிறது. என் கணவர் அந்தப் பக்கம் போனால் வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுப்பதில்லை.

விபத்தன்று அவர் போட்டிருந்த சட்டைப் பையில் அறுந்த வடத்தின் துண்டு இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை அதனிடம் கொண்டுபோனேன், துண்டு ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. என் கணவர் வாங்கும் துருப்பிடிக்காத எஃகு வடத்தில் காந்தம் அப்படிப் பிடிக்காது. துண்டின் நுனியில் வடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கப்பட்டிருந்தது. என் கணவர் அதைக் கருவியால் அழுத்துவாரே தவிர சுத்தியலைத் தொடமாட்டார். யார் கைவேலை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கேட்டதற்கு, "கூடப் பிறந்தவன், விடு" என்றார். எனக்கு அவன் கூடப் பிறந்தவன் இல்லை, அதனால் நான் விடவில்லை.

சென்ற சனிக்கிழமை மதியம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் தன் புதுக் காரை முன்வீட்டு ஷெட்டுக்குள் விட்டார். மணல் பறக்கும் என்று கதவை மூடிக்கொண்டுதான் அவர் காரைத் துடைப்பார், அன்றும் ரிமோட்டை அழுத்தி மூடினார். அவர் மனைவி தாய்வீடு போயிருந்தார். ஷெட்டுக்கு வேறு வாசல் இல்லை, கம்பி வைத்த ஜன்னல் ஒன்று உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்குவதற்கு ஒரு கயிறு தொங்கும். அது கார்க் கூரையில் உரசுகிறது என்று அவரே வெட்டி எறிந்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதன் பிறகு நான் மீட்டர் பெட்டியைத் திறந்து முன்வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். நன்றாக யோசித்துச் செய்தேன்.

அதன் பிறகு அவர் ஜன்னலுக்கு வந்து, "அண்ணி, கரண்ட் போயிடுச்சு, யாரையாவது கூப்பிடுங்க, போனை வீட்ல வச்சுட்டேன்" என்றார். கரண்ட் போகவில்லை, நான்தான் நிறுத்தியிருக்கிறேன் என்று மரியாதையாகவே சொன்னேன். டாக்டரம்மா வீட்டு வடத்தை மாட்டியது யார் என்று சத்தமாகச் சொன்னால் சுவிட்சைப் போடுவதாகவும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், பிறகு போலீஸ் என்றார். நான் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகத் தண்ணீரும் அவருடைய பிரஷர் மாத்திரையும் கொடுத்தேன். காரின்மேல் ஏறி நின்றால் அந்தக் கயிறு கட்டியிருந்த மோட்டாரின் கொக்கி கைக்கு எட்டும், அவரே வெளியே வந்திருக்கலாம். கார் நசுங்கிவிடும் என்று ஏறவில்லை. அண்ணன் கை நசுங்கியபோது அந்தப் பதைப்பு அவரிடம் இல்லை.

அதன் பிறகு நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து வரச்சொன்னேன். சத்தம் கேட்டுத் தெருக்காரர்களும் வந்தார்கள். வடத்துண்டையும் காந்தத்தையும் டாக்டரம்மா கையில் கொடுத்தேன், அவர் ஜன்னலருகே போய், "யார் மாட்டினதுன்னு சொல்லுங்க" என்று ஒருமுறைதான் கேட்டார். உள்ளே இருந்தவர் ஜன்னல் கம்பி வழியாகத் தெருக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதன் பிறகு கொழுந்தனார், "நான்தான் மாட்டினேன். அண்ணன் அதைத் தொடவே இல்லை" என்றார்.

என் கணவர் அதற்குள் பின்வீட்டிலிருந்து எழுந்து வந்து என் பின்னால் நின்றிருந்தார். கதவைத் திறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு. கோடி வீட்டுக்காரங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

கொழுந்தனார் இன்னொரு தடவை சொன்னார். அதன் பிறகு நான் சொன்னபடியே சுவிட்சைப் போட்டேன். கதவு முழங்கால் உயரம் ஏறி, கிரீஸில் ஒட்டிய மணலில் உருளை சிக்கி நின்றுவிட்டது. நான் அதற்கு ஒன்றும் செய்யவில்லை, அது அவர் வைத்தியம். அவர் வயிற்றால் ஊர்ந்து, தெருவே பார்க்க வெளியே வந்தார். என் கணவர் அவரைத் தூக்கிவிடவில்லை. குனிந்து ரெயிலைத் தடவிப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் அவர் வீட்டுக் கதவைத் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மேலே உள்ளதை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். 'ஆத்திரத்தில் யோசிக்காமல் செய்துவிட்டேன்' என்று அவர் இரக்கப்பட்டு எழுதியிருந்த வரியை அடிக்கச் சொல்லி, 'நன்றாக யோசித்துச் செய்தேன்' என்று எழுதவைத்தேன். இப்போது இதில் உள்ளது எல்லாம் உண்மை. திருத்திய இடத்திலும் கீழேயும் என் கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.