மூன்று ஊசித் துளைகள்

காபி நன்றாகவே இருக்கிறது, கர்ட்டிஸ் தம்பி. சர்க்கரை போதும். நீ எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். ஷெரீப் அலுவலகத்தில் இவ்வளவு மெத்தென்ற நாற்காலி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வெர்லின் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. முதலில் அதை எழுது. நாற்பத்தாறு வருஷம் நல்ல கணவராகத்தான் இருந்தார். ஆனால் நான் எதைச் செய்து முன்னால் வைத்தாலும் அவர் வாயில் வருவது ஒரே சொல்தான்.

"வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்."

நீயும் மினசோட்டாவில் பிறந்தவன். ஒன்று பிடிக்கவில்லை என்பதை நம் ஊரில் அதைவிட மோசமாக யாரும் சொல்லிவிட மாட்டார்கள். கல்யாணத்தன்று என் அம்மா தைத்த கவுனைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் கார் கொட்டகையில் விமானம் கட்ட ஆரம்பித்தார். வீட்டுக் கூரை ஒழுகியது. கூரையேறிக் கோழி பிடிக்காத மனுஷன் வானமேறப் போகிறார் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஒன்பது குளிர்காலம் என் கார் பனியில் நின்றது. அதுகூடப் பரவாயில்லை. ஒன்பதாவது குளிர்காலத்தில், விமானத்தின் மூக்கில் சுழலுமே, அந்தப் புரொப்பெல்லர் வந்தது.

மேப்பிள் மரத்தில் செய்தது. ஆளை விட நீளம். வார்னிஷ் காயக் கதகதப்பு வேண்டுமென்று அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடத்தினார். ஆறு வாரம் நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். ஒருநாள் காலையில் அதன் நடுவிலிருந்து நுனிவரை உள்ளங்கையால் தடவிவிட்டு, "என்ன அழகுடி நீ" என்றார். நான் பான்கேக் தட்டோடு பின்னால் நின்றிருந்தேன். என்னைத்தான் சொல்கிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். என் வயிறு எரிந்தது தம்பி. சக்களத்தி மரத்தில் செய்தவளாக இருந்தால் மட்டும் எரியாதா?

விமானம் கட்டி முடிந்தபோது விமானத் திடலில் கொட்டகை காலி இல்லை. அதனால் விமானத்தோடு அவளையும் வெளியே புல்தரையில் கட்டிப்போட்டார். புரொப்பெல்லருக்கு உறை தைத்துத் தரச் சொன்னார்.

"ரெண்டு நுனியிலயும் ஓட்டை விட்டுத் தை, ஆர்டிஸ். தண்ணி தேங்கினா மரம் ஊதிடும்."

பிறகு என் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு நுனியிலும் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஊசி நுழையும் அளவுக்கு மூன்று துளைகள். எப்படியோ உள்ளே போய்விடுகிற ஈரம், சுற்றும்போது அந்த வழியாகத்தான் வெளியேறுமாம்.

"இவளுக்கு மூச்சே இதுதான்."

எனக்கு எதையும் அவர் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் ஒழுங்காகத்தான் தைத்தேன். அவர் பறந்து இறங்கியதும் நுனிகளில் ஒட்டிய பூச்சிகளைத் துடைக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அவர் கண் கலங்கிவிட்டார்.

"கடைசியில நீயும் இவளை ஏத்துக்கிட்டே."

நூலுக்குப் பூசுகிற தேன்மெழுகு எப்போதும் என் பையில் இருக்கும். மெழுகுக்கும் பித்தளைக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். துடைக்கும்போது கட்டைவிரலால் அழுத்தினால் துளை மூடிக்கொள்ளும். மழை உள்ளே போகக்கூடாதென்றுதான் செய்தேன். பாதுகாப்புத்தானே? இலையுதிர் காலம் வந்ததும், காற்றடிக்கிறதே என்று உறையின் ஓட்டைகளையும் உட்புறமாக ரப்பர் துணி வைத்துத் தைத்தேன்.

பனிக்கு முன்னால் அவளைக் கழற்றி மறுபடி சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவரப் பார்த்தார்.

"தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு உன் தங்கச்சி வீட்டுல எல்லாரும் வராங்க, வெர்லின். வான்கோழியை எங்க வைக்கிறது? உறைதான் இருக்கே, போதாதா?"

"போதும் போதும். நீ தைச்சதாச்சே, கெட்டியாத்தான் இருக்கும்."

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உறையைச் சொன்னார்.

பனியெல்லாம் உருகி, போன சனிக்கிழமை உறையை நான்தான் கழற்றினேன். உள்ளே பாசி வாடை. ஒரு நுனியில் பித்தளை ஓரமாகத் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அதிலும் கொஞ்சம் மெழுகு வைத்துத் துடைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். என் துணி இன்னும் அந்தக் கீறல்மேல் இருந்தது. "பளபளன்னு வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

எஞ்சின் ஓடியதும் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"இன்னிக்கி இவ கொஞ்சம் வித்தியாசமா இருக்கா, ஆர்டிஸ்."

எத்தனையோ வருஷமாக எனக்கு மட்டுமே விழுந்துகொண்டிருந்த சொல். அன்றைக்குத்தான் அவளுக்கு விழுந்தது. மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது.

"குளிர்தான், வெர்லின். சூடு ஏறினா சரியாயிடும்" என்று சொல்லிக் கை காட்டினேன்.

சோயா வயலுக்கு மேலே நுனி பிய்த்துக்கொண்டு போயிற்று. அதன் ஆட்டத்தில் எஞ்சினே கழன்று விழுந்தது. மிச்சம் உனக்குத் தெரியும், அவரைத் தூக்கியவர்களில் நீயும் ஒருவன்.

ஆகவே எழுது. துளைகளை அடைத்தது நான். உறையை மூடித் தைத்தது நான். கீறலைப் பார்த்ததும் நான். ஆனால் வெர்லினை நான் ஒன்றும் செய்யவில்லை தம்பி, அவளைத்தான் செய்தேன். வித்தியாசமாக இருக்கிறாள் என்று அவர் வாயாலேயே சொன்னார், இறங்கியிருக்கலாம். அவர் இறங்கவில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்பார், ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார். என்னோடும் நாற்பத்தாறு வருஷம் அப்படித்தான் இருந்தார்.