வலையில் சலித்த மணல்

புகை வருகிறது. டுர்ர்ர் என்று மெஷின் சத்தம். சனிக்கிழமை காலை.

"மாறிக்கோ! எல்லாரும் வெளியே மாறிக்கோ!"

முகத்தை மூடிக்கொண்ட ஆள் விலகச் சொல்லி மலையாளத்தில் கத்துகிறான். தகரக் கொட்டகையிலிருந்து ஓடுகிறோம். என் கையில் சோற்றுப்பானை. கொட்டகையில் நாலைந்து பேருக்கு மலேரியா வந்த பிறகுதான் புகை அடிக்க வந்திருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நிமிர்ந்து பார்க்கிறேன். மூன்றாம் மாடிச் சாரத்தில் என் வீட்டுக்காரர் சுடலை. சுவர் பூசிக்கொண்டிருக்கிறார்.

திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எழும்பும் கட்டடம். தென்காசிப் பக்கமிருந்து வந்தோம். அவர் பூச்சுக் கொத்தனார். நான் சித்தாள். புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது என் வேலை. இல்லாவிட்டால் கான்கிரீட் வெடித்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் கொசு முட்டையிடுகிறது என்றாள், சுகாதார வேலைக்கு வரும் சேச்சி. வடிக்கச் சொன்னாள். மேஸ்திரி நிறுத்தச் சொன்னார். கூலி கொடுப்பவர் மேஸ்திரி. தண்ணீர் வடியாமல் தேங்கியே நின்றது.

குடும்பத்துக்கு ஒரு கொசுவலையும் கொடுத்தாள்.

"வலை கட்டாம உறங்கக் கூடாது, கேட்டோ?"

தலையாட்டினோம். மறுநாளே அவர் அதை வெட்டி மரச்சட்டத்தில் அடித்தார். பூச்சு மணல் சலிக்க. கடைச் சல்லடையில் அவ்வளவு நைஸாக விழாதாம். கொட்டகையில் எல்லாக் கொத்தனாரும் அதையே செய்தார்கள். அவருக்குச் சுவர் வழுவழுவென்று இருக்க வேண்டும். உடம்பை யார் பார்த்தார்கள்? பாவி மனுஷன்.

செவ்வாய்க்கிழமை அவருக்குக் குளிர் வந்தது. பல் கிட்டித்தது. இரண்டு போர்வை போட்டும் நிற்கவில்லை. புதன் ஒன்றுமில்லை. வேலைக்குப் போனார். வியாழன் மறுபடி. வெள்ளிக்கிழமை சேச்சி விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். ரிசல்ட் சனி சாயங்காலம் என்றாள்.

"இது முறைக்காய்ச்சல் புள்ள. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானந்தான் வரும். அதுக்குள்ள எறங்கிருவேன்."

சனிக்கிழமை காலை இப்படிச் சொல்லிவிட்டுத்தான் சாரம் ஏறினார். காய்ச்சலோடு பேசி முடித்து வைத்தவர் மாதிரி.

காய்ச்சல் காலையிலேயே வந்துவிட்டது.

சாரம் ஆடுகிறது. காற்றே இல்லை. கம்புகள் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன. அவர் நடுங்குகிறார்.

"ஏங்க! கம்பப் பிடிச்சுக்கிடுங்க! பிடிச்சுக்கிடுங்க!"

முதலில் பூச்சுக் கரண்டி விழுந்தது. டங். அடுத்த சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

சாயங்காலம் பிணவறை வாசலில் நிற்கிறேன். போன் அடிக்கிறது. சேச்சி.

"சேட்டனுக்கு மலேரியா தான். வேலைக்கு விடாதே. வலைக்குள்ள படுக்கச் சொல்லு, கேட்டோ?"

வழக்கம்போல் தலையாட்டினேன். போனில் அவளுக்கு அது தெரியாது.

இப்போதும் அந்தத் தளத்தில் தண்ணீர் நிற்கிறது. வேறொருத்தி பாத்தி கட்டுகிறாள். அவருடைய சல்லடையை இன்னொரு கொத்தனார் கேட்டு வாங்கிப் போனார். கொடுத்துவிட்டேன். எனக்கு எதற்கு?

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். வலைகள், கொட்டகைக்கு வந்த அத்தனையும். கால்தவறி விழுந்து செத்தவர் ஒருவர் என்கிறார்கள். மலேரியாவில் செத்தவர் யாருமில்லை என்கிறார்கள்.

என் கணக்கில் ஒருவர். சுடலை. பூச்சுக் கொத்தனார்.