சப்பாத்து ஃபெக்டரியில பதினோரு பேர்

பாஸ்போட்டுக்குத்தானே? அந்த ஃபைலைப் பார்த்தாலே தெரியுது. ஒளிக்காதீங்க தம்பி, நான் என்ன புடுங்கியா எடுக்கப் போறேன். இந்தக் கம்பளை பஸ்ல காலையில கண்டிக்குப் போற பசங்கள்ல பாதிப் பேர் கையில இதே ஃபைல்தான்.

எந்த நாடு? ஜப்பானா. பாஷை படிக்கிறீங்களா? சரி, போங்க. எல்லாரும் போங்க.

கோவந்தான். கோவம் வராம என்ன? நேத்து ரேடியோவுல ஒரு ஐயா பேசுறாரு, பொறக்கிறது கொறைஞ்சு போச்சாம், வெளிநாட்டுக்குப் போறது கூடிப் போச்சாம், இப்படியே போனா வேலைக்கு ஆள் இருக்காதாம். இதைக் கண்டுபுடிக்க அவருக்குப் பெரிய படிப்பு வேண்டியிருந்திருக்கு. எங்க தோட்டத்து லயத்துக்கு வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல காட்டியிருப்பேன். பன்னெண்டு காம்பரா, அதுல ஏழு வீட்டுல பூட்டு. இஸ்கூல்ல இந்த வருஷம் ஒன்னாம் வகுப்புக்கு நாலே நாலு புள்ளைங்க. திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆள் பத்தாம ட்ரக்டர்ல கட்டி இழுத்தோம் தம்பி. அம்மன் புகையைக் குடிச்சுக்கிட்டே ஊரைச் சுத்தி வந்தா.

எனக்கா? ஒரே மகன். நிரோஷன். ருமேனியாவுல, கோழி வெட்டுற ஃபெக்டரியில. மூனு வருஷமாச்சு. அவன் அம்மா சுந்தரி இப்ப கோழிக்கறி சாப்பிடுறதில்ல.

நான் கம்பளைக்கு இங்கிட்டு ஒரு சப்பாத்து ஃபெக்டரியில இருபத்தாறு வருஷமா இருக்கேன். சோல் ஒட்டுற பக்கத்துக்கு சூப்பவைசர். பெட்ரோலுக்கு கியூவுல நின்னோமே, அந்த வருஷத்துக்குப் பொறகு பசங்க ஒவ்வொருத்தனா கழண்டுட்டானுங்க. காலையில போனா ஒரு கதிரை காலியா இருக்கும். கேட்டா, கட்டார் போயிட்டான். மறுநாள் இன்னொரு கதிரை. மொதலாளி என்ன செஞ்சான்? சம்பளத்தைக் கூட்டுங்க, ஆள் நிக்கும்னு நாங்க எத்தனை தரம் சொன்னோம். கேக்கல. இந்தியாவுல இருந்து நாப்பது பேரை எறக்கிட்டான்.

தமிழ்நாடு இல்ல தம்பி. பீகார். ஹிந்தி பேசுறவங்க. ஃபெக்டரிக்குப் பின்னால தகரம் அடிச்சு அதுக்குள்ளயே படுக்க வச்சான். பாஸ்போட்டையெல்லாம் வாங்கித் தன் அலுமாரியில வச்சுப் பூட்டிக்கிட்டான்.

எங்களுக்கு யார் மேல கோவம் வந்திருக்கணும்? மொதலாளி மேல. ஆனா வந்தது அந்தப் பசங்க மேல. பயமா? பயம்னும் சொல்லலாம். அவங்க ஓவர்டைம் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, லீவு கேக்க மாட்டாங்க. கெண்டீன்ல அவங்க உக்காந்த மேசையில நாங்க உக்கார மாட்டோம். ஒரு நாள் சோத்துக்கு வரிசையில நிக்கும்போது ஒருத்தன் என்னை இடிச்சுட்டான். நான் ஒரு வார்த்தை சொன்னேன். கள்ளத்தோணின்னு.

உங்க வயசுக்கு அது கதையில கேட்ட வார்த்தையா இருக்கும். இந்தியாவுல இருந்து களவாத் தோணியேறி வந்தவன்னு அர்த்தம். எங்கப்பாவை கம்பளை டவுன்ல ஒரு கடையில வச்சு அப்படிச் சொன்னாங்க. எனக்கு எட்டு வயசு, அவர் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் வாங்கின சாமானைத் திருப்பி வச்சுட்டு வெளிய வந்துட்டார். அதே வார்த்தையை நான் எடுத்து வீசினேன் பாருங்க. மத்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

இடிச்சவன் பேரு சஞ்சீவ். இருபத்திரெண்டு வயசு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம அவனும் சேர்ந்து சிரிச்சான். மறுநாள் அவனை என் பக்கத்துக்கே போட்டுட்டாங்க. என்னை சாச்சான்னு கூப்புட ஆரம்பிச்சான். சாச்சான்னா அவங்க பாஷையில சித்தப்பாவாம். எங்களுக்குத் தோல் கொண்டாந்து போடுற அக்குறணை பஹீம் நாநா ஒரு நாள் இதைக் கேட்டுட்டு, எங்க வீட்டுப் புள்ளைங்களும் அப்படித்தானே கூப்புடுதுங்கன்னு அதிசயப்பட்டார்.

வேலை? கண்ணால ஒரு தரம் பார்த்தா போதும், கை செஞ்சுரும். எனக்கு அதுவே எரிச்சல். என் மகனுக்கு இந்த வேலையைப் பழக்கிரலாம்னு ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன், பசை நாத்தம்னு ஓடிட்டான். இவன் நாத்தத்தோட உக்காந்து பாட்டுப் படிக்கிறான். தீபாவளிக்கு சுந்தரி பலகாரம் குடுத்தனுப்பினா. எல்லாருக்கும் குடுத்தேன், அவனுக்கும் குடுத்தேன். சாப்புட்டுட்டு அழுதான்.

பொறகு யாரோ பெட்டிசன் போட்டுட்டாங்க. அந்த நாப்பதுல பதினோரு பேர் டுவரிஸ்ட் விசாவுல வந்து வேலை செய்றாங்கன்னு குடிவரவு ஆபீசுக்கே எழுதிட்டாங்க. பொய் இல்ல, உண்மைதான். ஆனா அந்தப் பசங்களுக்கு அது தெரியாது தம்பி. வேலை விசான்னுதான் ஏஜன்சிக்காரன் சொல்லி அனுப்பியிருக்கான். பாஸ்போட்டுல அடிச்ச சீலை இவனுங்க எங்க படிச்சானுங்க? தெரிஞ்சது மொதலாளிக்கு.

டீ குடிக்கிற நேரம் குடிவரவு ஆளுங்க வந்தாங்க. ரெண்டு வேன். கேட்டை மூடிட்டாங்க. லிஸ்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டாங்க, அவனுங்களும் ஏதோ குடுக்கத்தான் கூப்பிடுறாங்கன்னு கையைத் தூக்கிட்டுப் போனானுங்க. சஞ்சீவ் கையில பசை காயவே இல்ல. வேன்ல ஏத்தும்போதுதான் அவனுக்கு விளங்கிச்சு. திரும்பி என்னைத் தேடினான். எனக்கு சிங்களம் தெரியும்னு அவனுக்குத் தெரியும். சாச்சா, நீங்க சொல்லுங்க, நான் திருடன் இல்லன்னு சொல்லுங்கன்னு, எங்ககிட்ட பழகின அரைகொறைத் தமிழ்ல சொன்னான்.

நான் டீக்கோப்பையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

மொதலாளியா? அவன் அன்னைக்கு கொழும்பு போயிட்டான். அவனுக்கு ஒன்னும் ஆகல. ஒரு கடிதம் வந்துச்சு, ஒரு லோயர் பதில் எழுதினார், முடிஞ்சுது. இந்த நாட்டுல புடிபடுறது எப்பவும் கீழ இருக்கிறவன்தான். அந்தக் காலத்துல எங்களை எண்ணி எண்ணி, இத்தனை பேர் இங்க, இத்தனை பேர் இந்தியாவுக்குன்னு கப்பல் ஏத்துனாங்களே, எந்தத் தொரையாவது ஏறினானா? எங்க பெரியப்பா குடும்பம் அப்படித்தான் போச்சு. இப்ப எங்க புள்ளைங்க தானா ஏறிப் போகுதுங்க, அங்க இருந்து இன்னொருத்தன் புள்ளைங்க இங்க வந்து எறங்குதுங்க. எல்லா எடத்துலயும் ஆள் மாறுது, மொதலாளி மட்டும் மாறுறதில்ல.

சத்தமாப் பேசுறேனா? இருக்கட்டும். கேக்கிறவங்க கேக்கட்டும்.

மறுநாள் ஆபீஸ்ல டிலானி மிஸ் கூப்பிட்டாங்க, ஆள் எடுக்கிறதெல்லாம் அவங்கதான். சேது, இப்ப பதினோரு எடம் காலி, உங்க மகனை வரச் சொல்லுங்கன்னாங்க. ஏன்னா ரெண்டு மாசத்துக்கு முன்ன நான்தான் போய்க் கேட்டிருந்தேன். நிரோஷன் அப்ப போன்ல, அப்பா, கையெல்லாம் வெடிச்சுருச்சு, குளிர் தாங்கல, ஊர்ல ஒரு வேலை இருந்தா வந்துர்றேன்னு அழுதான். மிஸ் அப்ப, இந்தியாக்காரங்க இருக்காங்களே, எடம் இல்ல, யாராவது போனா பார்ப்போம்னு சொல்லியிருந்தாங்க.

உடனே அவனுக்கு போன் எடுத்தேன். எடம் கெடைச்சிருச்சு, வாடான்னேன். அதுக்கு அவன் சொல்றான், அப்பா, நான் போன வாரந்தான் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு சைன் வச்சேன், அன்னைக்கு ஏதோ மனசு சரியில்லாம சொன்னேன், அதைப் போய் நீங்க பெருசா எடுத்துக்கிட்டீங்களேன்னு.

அவ்வளவுதான். சஞ்சீவ் உக்காந்த கதிரை இன்னும் காலியாத்தான் இருக்கு.

நான் கண்டியில அஸீமான்னு ஒரு லோயரம்மாவைப் பார்க்கப் போறேன். அந்தப் பதினோரு பேரையும் கொழும்புப் பக்கம் எங்கயோ அடைச்சு வச்சிருக்காங்க. மொதலாளி பாஸ்போட்டைப் பூட்டி வச்சதைப் பார்த்த ஒருத்தர் வாக்குமூலம் குடுத்தா, தண்டனை இல்லாம ஊருக்கு அனுப்பலாம்னு அம்மா சொல்றாங்க. நான் பார்த்தேன். சொல்வேன். வேலை போகும், போகட்டும். ஆனா அவங்க ஒன்னு கேட்டாங்க, பெட்டிசன் எங்க இருந்து வந்துச்சுன்னும் தெரியணும்னு. நேர்ல வந்து சொல்றேன்னு போனை வச்சுட்டேன்.

அந்தா கெட்டம்பே வந்துருச்சு. நீங்க இங்கதானே எறங்கணும்? கொஞ்சம் இருங்க, ப்ரேக் போட்டதும் எந்திரிங்க.

நான்தான் தம்பி எழுதினேன். மொதலாளி பாஸ்போட்டை அலுமாரியில அடுக்கும்போதே, யார் யாருக்கு டுவரிஸ்ட் சீல்னு பார்த்து வச்சிருந்தேன். நல்ல சிங்களத்துல, பதினோரு பேரையும் வரிசையா. அவன் பேரை முதல்ல எழுதினேன், ஏன்னா முழுப் பேரா எனக்கு ஞாபகம் இருந்தது அவன் ஒருத்தன் பேருதான். அந்த அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்ன ஒரு தரம் வாயால சொல்ல வருதான்னு பார்த்தேன்.

வருது. எறங்குங்க.