நாக்கடியில் ஒன்றுமில்லை

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஐயா. எனக்கு எப்போதுமே வியர்க்கும் உடம்பு.

குடிகாரர்களை எனக்குப் பிடிக்காது. குடியை நிறுத்த வருகிறவர்களுக்கான மறுவாழ்வு இல்லத்தில் காப்பாளராக இருப்பவன் இப்படிச் சொல்லலாமா என்பீர்கள். அங்கே இருப்பதால்தான் சொல்கிறேன். வக்கீலோ வண்டியோட்டியோ, வாசலில் செருப்பை விடும்போதே "இனிமே தொடமாட்டேன்" என்று சத்தியம் பண்ணுவார்கள். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். எங்கள் இல்லத்தில் விடியும்வரைகூடத் தாங்காது. சவர லோஷனைக் குடித்துவிட்டு வாய் மணக்க நின்ற ஒரு தலைமையாசிரியரை நானே பார்த்திருக்கிறேன்.

என் தங்கை தன் புருஷனைக் கூட்டிவந்தாள். தையற்காரர். ஊசியில் நூல் கோக்கக் கை நிற்காத தையற்காரர். "அண்ணே, உன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். மனுஷனாத் திருப்பிக் குடு" என்றாள்.

டாக்டர் வந்து பார்த்தார். குடியைத் திடீரென்று நிறுத்தினால் இவருக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, வேளை தவறாமல் கொடுக்க மாத்திரை தந்துவிட்டுப் போனார். மருந்து அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும். யார் மாத்திரை விழுங்கினாலும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். நாக்கடியில் ஒளித்துவைத்துப் பிறகு துப்பிவிடுவார்கள், கள்ளப் பயல்கள். இவர் ஒழுங்காக விழுங்கினார். விழுங்கியது சத்து மாத்திரை. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

டாக்டர் தந்ததை நான் போட்டுக்கொண்டேன். நாளெல்லாம் இந்தக் கூட்டத்தின் கூச்சலைக் கேட்பவனுக்குத் தலை நிதானமாக இருக்க வேண்டாமா? புதிதாகச் சேர்கிறவர்களின் பங்கில்தான் எடுப்பேன். அவர்கள் நடுங்கி, வாந்தியெடுத்து, ஒருவழியாகத் தேறிவிடுவார்கள்.

இவர் தேறவில்லை. மறுநாள் மதியம் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்றார். நான் மாத்திரையை நீட்டியதும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பாம்பின் கால் பாம்பறியும் மச்சான். என் மாத்திரை உங்க வயித்துல இருக்கு. கண்ணப் பாத்தாலே தெரியுது. உங்க தங்கச்சி வரட்டும், சொல்றேன்."

ஒரு குடிகாரன் என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துப் பேசினான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அறைக்கதவை வெளியே தாழிட்டேன்.

வலிப்பு வந்தபோது சமையற்காரர் ஓடிவந்து, "ஐயா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்யா" என்று கெஞ்சினார். நடிப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அலமாரியில் இன்னும் மாத்திரை இருந்தது. ஆனால் மறுநாளைக்கு எனக்கு வேண்டுமே. கட்டில் கால் தரையில் அடித்துக்கொள்ளும் சத்தம் நிற்கும்வரை அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"குடி கொன்னுடுச்சும்மா" என்று தங்கையிடம் சொன்னேன். பாவம், என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நான்தான் கொன்றேன். கையெழுத்தும் போடுகிறேன். பேனா பிடிக்கக் கை நிற்க வேண்டும், அவ்வளவுதான். என் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எடுத்து வைத்தீர்களே, அதில் இரண்டு கொடுங்கள். சந்தேகமாக இருந்தால், விழுங்கியபின் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன்.