கோடு முடிகிற இடம்

மத்தியானம் மூன்று மணி. கோத்தா திங்கிக்கு அந்தப் பக்கம், செம்பனைக் காட்டுக்குள் போகிற செம்மண் சாலை. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை.

சிரிக்காதீர்கள். பேய்க் கதையை ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் இது என் கூட்டாளி சபாபதியின் மச்சினன் ரூபேந்திரனுக்கு நடந்தது. நேரத்தை மாற்றினால் சபாபதி என்னைச் சும்மா விட மாட்டான். யாராவது அந்த ஜன்னலை மட்டும் சாத்துங்கள்... எனக்காக இல்லை. கொசு.

ரூபேந்திரன் அந்தச் சாலையில் போனது சத்தம் பிடிக்க. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் கணினி விளையாட்டு செய்கிற சின்னக் கம்பெனி, அங்கேதான் வேலை. அவர்களுடைய விண்வெளித் துப்பாக்கி விளையாட்டு ஒன்று ஏற்கெனவே ஓரளவு ஓடியது. துப்பாக்கி பிடித்த இரண்டு கை மட்டும் திரையில் தெரியும், மீதி உடம்பு நாம்தான். இப்போது அதற்கு ஒரு குட்டித் தொடர்ச்சி. மூன்று மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். பழையதை ஆடாதவர்களும் தனியாக ஆடலாம். கைவிடப்பட்ட விண்கலம், ஆறு காவல் ரோபோ, வெளியே போக ஒரே கதவு.

அதற்குச் சத்தம் சேர்ப்பதும் சேர்த்ததைச் சோதிப்பதும் ரூபேந்திரன் பொறுப்பு. மூன்று மாத ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை விளையாட்டு ஒழுங்காக வெளியானால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி சிங்கப்பூர். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, ராத்திரி பத்துக்கு வீடு. இரண்டு வருடம் அப்படி ஓடியதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் மலர் அவனைப் பார்த்துவிட்டு, "மா, யாரோ அங்கிள் வந்திருக்காரு" என்றாள். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். அப்புறம் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, ரொம்ப நேரம் முகம் கழுவினான்.

இப்போது மலருக்கு நான்கு வயது. தினமும் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறவர் அப்பாதான் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த ஆறு மணி போய்விடக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு.

சாலையின் முடிவில் மூடிப்போன பழைய செம்பனை எண்ணெய் ஆலை. காலி விண்கலத்துக்குக் காலி இடத்தின் சத்தம் வேண்டுமே. ஒலிப்பதிவுக் கருவியை நடுக்கூடத்தில் வைத்து, இருபது நிமிடம் அசையாமல் நின்றான். வெயிலில் தகரக் கூரை டிக்... டிக்... என்றது. புளித்த எண்ணெய் வாடை. வேறொன்றும் இல்லை. கருவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகுதான் அதை அணைத்தான்.

அந்தச் சத்தத்தை விளையாட்டில் சேர்த்த செவ்வாய்க்கிழமைதான் அது தொடங்கியது.

அந்த ரோபோக்களுக்குக் காது உண்டு. சத்தம் செய்கிறவன் பக்கம் தலை திரும்பும். எதைக் கேட்டுத் திரும்புகிறது என்று சோதிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக ரோபோவின் தலையிலிருந்து சத்தம் செய்கிறவன் தலைக்கு ஒரு சிவப்புக் கோடு போகும். கோட்டின் முனையில் இரண்டு எண்: ஆடுகிறவன் இருக்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில். விளையாட்டு வெளியாகும்போது கோட்டை மறைத்துவிடுவார்கள்.

ரூபேந்திரன் விளையாட்டுக்குள் சும்மா நின்றிருந்தான். சுடவில்லை, ஓடவில்லை. ஆறு ரோபோவும் ஒரே நேரத்தில் திரும்பின. அவனைப் பார்த்தல்ல... அவனைத் தாண்டி. ஆறு கோடுகளும் கலத்தின் சுவரைத் துளைத்து வெளியே போயின. வெளியே ஒன்றுமே கிடையாது. அங்கே யாரும் எதையும் வரையவே இல்லை. தூரம் ஐந்து மீட்டர். உயரம் ஒன்று எழுபது.

ரோபோக்களின் மூளையை எழுதுகிறவன் அர்ச்சுனன். பக்கத்து மேசை. குறும்புக்காரன்.

"டேய் அர்ச்சுனா, விளையாடுறியா?"

"வேலையே அதானலா, மச்சான்."

அர்ச்சுனன் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். ரோபோக்கள் நல்ல பிள்ளைகளாக நடந்தன. ரூபேந்திரன் அப்போது கீழே தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தான். இப்போது அர்ச்சுனனுக்குச் சந்தேகம்.

"அலமாக், நீ இருந்தா மட்டும் வருது, நான் பாத்தா வரல. நீயே ஏதாச்சும் சொருகிட்டு என் தலையில கட்டுறியா?"

முதலாளி திருச்செல்வம் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கான்ட்ராக்ட் முடியுற வாரத்துல புதுப் பிழை கண்டுபிடிச்சிருக்கீங்க, ரூபன். பிழை இருந்தா வேலை நீளும்... இல்லையா?" தன்மையாகத்தான் கேட்டார். அதனால்தான் சுட்டது.

அன்று முழுக்க மூன்று பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி வேலை செய்தார்கள். ரூபேந்திரன் தன் கணினியின் கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றினான். நான்காவது அவனுக்கே மறந்துபோனது. கூட்ட வருகிற தனலெட்சுமி அக்காவைக்கூட அவன் விடவில்லை. அவர் எல்லா இடமும் கூட்டினார். அவன் நாற்காலிக்குப் பின்னால், ஜன்னல் மூலையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

"அக்கா, அந்த மூலைய ஏன் விட்டுட்டீங்க?"

"ஆள் நிக்கிறப்ப எப்படித் தம்பி கூட்டுறது?"

ரூபேந்திரன் உட்கார்ந்திருந்தான். அர்ச்சுனனும் உட்கார்ந்திருந்தான்.

எல்லோரும் போன பிறகு, ஆலையில் பிடித்த சத்தத்தை முதன்முறையாகக் கடைசிவரை கேட்டான். இருபது நிமிடம் டிக்... டிக்... அப்புறம் அவன் குரல். "சரி. போலாம், வா." மலரைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது தினம் சொல்வது. வாய்ப்பழக்கம். காலி ஆலையில், யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அதன்பின் அவன் செருப்புச் சத்தம். சற்றுப் பின்னால்... வெறுங்கால் சத்தம். கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

இன்னொரு கதவு சாத்துகிற சத்தம்.

அவன் திறந்தது ஒரு கதவைத்தான்.

பதிவை அழித்தான். விளையாட்டிலிருந்தும் எடுத்தான். ஒன்றும் மாறவில்லை; ஆறு தலையும் அதே மூலைக்குத் திரும்பின.

மறுநாள் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனான். ஆபீஸ் மூலையில்தான் ஏதோ கோளாறு, வீட்டில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ராத்திரி, மனைவி ஷாமளாவும் மலரும் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தான். ரோபோக்கள் திரும்பின. திரையில் கோடு காட்டிய திசையில், மேசையைத் தாண்டினால் படுக்கையறை. தூரம் நாலு மீட்டர் இருபது.

அளவு நாடாவை எடுத்து, முட்டிபோட்டுத் தரையில் இழுத்துக்கொண்டே போனான். நாலு இருபது முடிந்த இடம் ஷாமளாவும் மலரும் படுத்திருந்த கட்டிலின் கால்மாடு. அங்கே புளித்த எண்ணெய் வாடை.

நாமாக இருந்தால் கத்தியிருப்போம். நான் சத்தியமாக ஓடியிருப்பேன், கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டாவது. ரூபேந்திரன் கத்தவில்லை, பிள்ளை விழித்துவிடும். அவன் போட்ட கணக்கு இதுதான்: ஆலையிலிருந்து என்னோடு வந்தது. ஆபீசிலிருந்தும் என்னோடு வந்தது. நான் போனால் அதுவும் போகும். பாசிர் கூடாங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிடலாம். வேலை போகட்டும், ஆறு மணியும் போகட்டும். மறுபடி அங்கிள் ஆனாலும் பரவாயில்லை.

கால்மாட்டைப் பார்த்து மெல்லச் சொன்னான். "போலாம், வா."

காரில் பக்கத்து இருக்கைக் கதவையும் திறந்து, கொஞ்சம் நின்று, சாத்தினான்.

நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் மட்டும். பாசிர் கூடாங் எண்ணெய் நிலையத்து வெளிச்சத்தில் நிறுத்தி, மடிக்கணினியைத் திறந்தான். பக்கத்து இருக்கைக்கு எவ்வளவு இருக்கும், அரை மீட்டர்? கோட்டின் முனையைப் பார்த்தான்.

பத்தாயிரத்து நானூறு மீட்டர்.

அது வரவில்லை. அவன் மட்டும்தான் கிளம்பி வந்திருக்கிறான்.

எப்படித் திரும்பி ஓட்டினான் என்று அவனுக்கே நினைவில்லை. பக்கத்து இருக்கையில் திரை திறந்தபடி. கார் ஓட ஓட எண் இறங்கியது. எட்டாயிரம். ஐந்தாயிரம். பெர்மாஸ் ஜெயாவுக்கு முன்னால் சிவப்பு விளக்கு. நின்றான். ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.

கார் நின்றுவிட்டது. எண் நிற்கவில்லை. ஆயிரத்து அறுநூற்று ஒன்பது... எட்டு... ஏழு. யாரோ நடந்து வருகிற வேகம்.

கதவைப் பூட்டவில்லை அவன். கண்ணாடியை இறக்கிவிட்டான். அந்த வாரத்திலேயே முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டான். வீட்டை விட்டுவிட்டது. என்னிடம்தான் வருகிறது. வா... வா... என்று சொல்லிக்கொண்டே ஷாமளாவை அழைத்தான்.

"மலர் எங்க?"

"என்னங்க இது, இந்த நேரத்துல? இதோ, என் பக்கத்துலதான் தூங்குறா."

"நல்லாப் பாரு, ஷாமளா."

"என் கை அவ மேலதாங்க இருக்கு. மூச்சு விடுறது தெரியுது. நீங்க எங்க போனீங்க?"

பதில் சொல்லத் திரும்பியவன் திரையைப் பார்த்தான். ஒவ்வொரு ரோபோவின் தலையிலிருந்தும் இப்போது இரண்டு கோடு. முதல் கோட்டின் முனையில், உயரம் ஒன்று எழுபது. இரண்டாவதில், ஒன்று பூஜ்யம் இரண்டு. போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் மலரின் உயரத்தை அளந்து அட்டையில் எழுதிய அதே எண்.

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஒரு பேருந்து ஹார்ன் அடித்தது. ரூபேந்திரன் காரை எடுக்கவில்லை.

ஆயிரத்து ஐந்நூற்று எண்பது... எழுபத்தொன்பது... இரண்டு எண்களும் சேர்ந்தே இறங்கின. முதலாவதைவிட இரண்டாவது அரை மீட்டர் பின்தங்கும். உடனே எட்டிப் பிடிக்கும். மறுபடி பின்தங்கும்... கையைப் பிடித்துக் கூட்டிவருகிற பிள்ளை நடக்கிற மாதிரி.